விழும் மனிதன், பதினேழாவது திருத்தம்

எனக்குச் சம்பளம் வருவது
விழும் மனிதர்களை வரைவதால்.
ஏணியிலிருந்து, சாரத்திலிருந்து,
மூடாத குழியின் விளிம்பிலிருந்து
மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு கறுப்பு ஆள்.
முகம் கூடாது. விரல்கள் கூடாது.
ரத்தம் கூடவே கூடாது.
கீழே நான்கு மொழிகளில் கவனம்,
இப்போது வங்காளத்தையும் சேர்த்து ஐந்து.
தமிழில் மட்டும் அச்சகம்
கொம்பைக் கழற்றி எழுத்துக்குப் பின்னால் வைத்துவிடும்.
அதைத் தூக்கி முன்னால் வைப்பதும் நான்தான்.

பதினோரு வருடம்.
"ஓவியர்" என்று சொல்லிவிட்டு,
என்ன ஓவியம் என்று கேட்பதற்குள்
மின்தூக்கி வந்துவிட வேண்டுமே என்று
வேண்டிக்கொண்ட பதினோரு வருடம்.

போன புதன்கிழமை துவாஸில்
பழைய பலகைக்கு அளவெடுக்கப் போனேன்.
நல்ல மழை. வேலை நின்று
எல்லாரும் தகரக் கொட்டகைக்குள்.
தலைக்கவசத்தில் மார்க்கரால்
இசக்கிராஜ் என்று எழுதியிருந்த ஒருவன்
சோற்றுப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டை
மணிக்கட்டில் மாட்டிக்கொண்டே
என் ஆளை மேலும் கீழும் பார்த்தான்.
"இவன் எங்கடா விழுறான்.
டான்ஸுல்ல ஆடுறான்."

கூட்டாளி சிரித்தான்.
நானும் சிரித்தேன்,
வேறு யாரோ வரைந்த படம் போல.

நீ பார்த்திருக்கிறாயா என்று
அவனிடம் கேட்டிருக்கலாம்.
பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவானோ என்று
அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்,
சுருட்டி முடித்த பிறகும்.

பூன் லே வரை பேருந்தில்
ஆவி படிந்த கண்ணாடியில்
விரலால் வரைந்து பார்த்தேன்.
ஆடினான்.
முழங்காலை மடக்கினேன்.
இன்னும் நன்றாக ஆடினான்.

இரவு மெத்தையைக் கூடத்துக்கு இழுத்தேன்.
கைபேசியை அரிசி டப்பாமேல் சாய்த்து
பத்து நொடி வைத்து
நாற்காலியில் ஏறி
விழுந்தேன்.
ஏழு முறை,
கீழ்வீட்டுத் திருமதி கோ
துடைப்பக் கம்பால் தன் கூரையை
இடிக்கிற வரைக்கும்.

முதல் படத்தில் நான் விழவில்லை,
குதித்திருக்கிறேன்.
இரண்டாவதில் வயிற்றை
உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறேன்.
யாருமில்லாத வீட்டில்,
நாற்காலிக்கும் தரைக்கும் நடுவே,
வயிற்றை!
நான்காவதில் ஒரு கை
நைட்டியைச் சரிசெய்கிறது.

நாற்காலி நிஜமாகவே வழுக்கிய
ஆறாவதில் மட்டும்
கழுத்து ஒரு பக்கம் ஒடிந்து
கண்ணை இறுக மூடிக்கொண்டு
ஒரு பெண்,
எனக்கு அறிமுகமே இல்லாதவள்,
மேசை விளிம்பைத் தேடுகிறாள்
ஐந்து விரல்களையும் அகல விரித்து.

விளக்கை அணைக்காமல் கிடந்தேன்.
கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன
என் சொந்தப் படங்கள்.
ஒரே ஒரு கண்காட்சி. மூன்று விற்றன.
இரண்டை அக்கா வாங்கினாள்.
நேரமில்லை, அதனால் விட்டுவிட்டேன்
என்றுதான் சொல்லிவருகிறேன்.
உருட்டி வைத்ததை எடுத்து
ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தபோது
மரங்கள்கூட
வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றன.

விடிய மூன்று மணிக்கு
பதினேழாவது திருத்தத்தை அனுப்பினேன்.
விரல்களோடு.

ஒன்பது மணிக்குப் பதில்:
விரல்களை நீக்கவும். மற்றபடி சரி.

நீக்கினேன். வீட்டுக் கடன் இருக்கிறது.
ஆனால் கழுத்தை அவர்கள் கவனிக்கவில்லை.
அது ஒடிந்தபடியே
துவாஸுக்குப் போகும்.

விரலுள்ளவனை அச்செடுத்து
குளிர்பெட்டிக் கதவில் மாட்டினேன்.
மீன்கடை காந்தத்துக்குப் பலம் போதவில்லை.
நழுவினான்.
காகிதம்தானே,
ஆடி ஆடித்தான் விழுந்தான்.

எடுக்கக் குனிந்தபோது இடுப்பு வலித்தது.
கொஞ்சம் இடப்பக்கம்,
எலும்புக்கு இரண்டு விரல்கடை மேலே.
குறித்துக்கொண்டேன்.